யூனி-டி யூடி210ஈ கிளாம்ப் மீட்டர்: தனியாக வேலை எடுக்கும் எலக்ட்ரீசியனுக்கு எந்த லைன் ஏற்றது?

பேட்டை ஐடிஐயில் படித்து, ஒரு காண்ட்ராக்டரிடம் நாலைந்து வருஷம் பைப் பதித்து வயர் இழுத்து, பிறகு பையைத் தூக்கிக்கொண்டு தனியாக இறங்கிய எலக்ட்ரீசியன்கள் திருநெல்வேலிப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். ஃபேன் மாட்டுவது, சுவிட்ச் மாற்றுவது, ஹோல்டர் கட்டுவது என்று வருவதையெல்லாம் எடுத்தால் நாள் முழுக்க வேலை இருக்கும், கையில் காசு நிற்காது. அந்த வேலையை எல்லாரும் செய்கிறார்கள் என்பதால் கூலியை வீட்டுக்காரர்தான் சொல்வார். ஏதாவது ஒன்றில் "இதுக்கு அவரத்தான் கூப்பிடணும்" என்று பெயர் எடுத்த பிறகே கூலியை நாம் சொல்ல முடியும். அந்த ஒன்று எது என்று தேடுகிறவர் முதலில் வாங்கக்கூடிய மீட்டர் யூனி-டி நிறுவனத்தின் யூடி210ஈ. வயரை வெட்டாமல், வாயால் கவ்விப் பிடித்தே கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இது. நாலைந்து ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. வீட்டுக் கசிவு, இன்வெர்ட்டர், பம்ப் மோட்டார், ஏசி, சோலார் என்று ஐந்து லைனிலும் இது கொஞ்சமாவது பயன்படும். எந்த லைனில் இதுவே போதும், எந்த லைனில் இது கையை விரிக்கும் என்று பார்த்தாலே, கைமுதல் குறைவாக உள்ளவர் எங்கே தொடங்கலாம் என்பது தெரிந்துவிடும்.

முதலில் மீட்டர். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். வாய் 17 மில்லிமீட்டர்தான் திறக்கும். டயலில் ஆம்பியருக்கு மூன்று இடம் தனித்தனியாக உண்டு: 2, 20, 100. மூன்றிலும் ஏசி, டிசி இரண்டும் படிக்கும். இந்த விலையில் டிசி ஆம்பியர் படிக்கும் கிளாம்ப் அதிகம் இல்லை. அதிலும் 2 ஆம்பியர் ரேஞ்சில் ஒரு மில்லி ஆம்பியர் வரை இறங்கிக் காட்டுவது அபூர்வம். வோல்டேஜ் 600 வரை. ரெசிஸ்டன்ஸ் 20 மெகாஓம் வரை. கெப்பாசிட்டர் பார்க்கும், வயரைத் தொடாமல் கரண்ட் இருக்கிறதா என்று சொல்லும். ட்ரூ ஆர்எம்எஸ், அதாவது அலை ஒழுங்காக இல்லாத ஏசியையும் சரியாகப் படிக்கும். டிரிபிள் ஏ பேட்டரி இரண்டு. வாங்கும்போது பெட்டியின் மேல் கடைசி எழுத்தைப் பாருங்கள். இதே உருவத்தில், இதே நிறத்தில் வரும் 210ஏ, 210பி இரண்டும் ஏசி ஆம்பியர் மட்டும்தான் காட்டும். கடையில் "எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்று சொல்லிக் கையில் திணித்துவிடுவார்கள்.

பாதுகாப்பு எல்லை கேட் 2-இல் 600 வோல்ட், கேட் 3-இல் 300 வோல்ட். கேட் என்பது அளக்கும் இடத்தின் ஆபத்தைச் சொல்லும் வகை; கம்பத்து லைனை நெருங்க நெருங்க எண் கூடும். எந்தெந்த இடத்தில் புரோபை (மீட்டரின் அளக்கும் முனையை) வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதை இந்த இரண்டு எண்களும்தான் முடிவு செய்கின்றன. கீழே அடிக்கடி இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

வீட்டுக் கசிவு வேலை

ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் வருகிற போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அண்ணாச்சி, மழ பெஞ்சா டிரிப்பர் விழுந்துருது, தூக்கி விட்டா நிக்க மாட்டேங்கு, வந்து பாக்கீயளா?" ஏற்கெனவே இரண்டு பேர் வந்து பார்த்திருப்பார்கள். ஒருவர் ஆர்சிசிபியை, அதாவது கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் அந்த டிரிப்பரை, மாற்றியிருப்பார். இன்னொருவர் அதை எடுத்துவிட்டு நேரடியாக இணைத்துக் கொடுத்திருப்பார். இரண்டாமவர் செய்தது உயிருக்கு ஆபத்தான வேலை. முதலாமவர் செய்தது வீண்செலவு. தவறு எங்கே என்று இருவருமே தேடவில்லை. ஆகவே இந்த லைனில் போட்டி குறைவு.

வீடுகளில் போடும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியருக்கானது. 15-க்குக் கீழே விழக் கூடாது, 30-க்குள் விழுந்தே ஆக வேண்டும் என்பது அதன் கணக்கு. ஃபேஸில் போகிற கரண்ட்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்ட்டும் சமமாக இல்லாவிட்டால், அந்த வித்தியாசத்தைப் பார்த்து அது விழுகிறது. கிளாம்ப் மீட்டரிலும் அதையே செய்யலாம். ஃபேஸ், நியூட்ரல் இரண்டு வயரையும் சேர்த்து வாய்க்குள் விட்டு 2 ஆம்பியர் ஏசி ரேஞ்சில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கசிவு மட்டும் மிஞ்சும். எர்த் வயரை உள்ளே விடக் கூடாது.

இந்த மீட்டரின் முக்கியமான குறை இங்கேதான் தெரியும். ஒரு மில்லி ஆம்பியர் காட்டும் என்பதற்காக ஒரு மில்லி ஆம்பியர் சரியாகக் காட்டும் என்று அர்த்தமில்லை. 2 ஆம்பியர் ஏசி ரேஞ்சின் துல்லியம் 3 சதவீதமும், அதற்கு மேல் பத்து இலக்கமும். அந்த ரேஞ்சில் பத்து இலக்கம் என்றால் 10 மில்லி ஆம்பியர். திரையில் 15 என்று நின்றால் உண்மை 5 ஆகவும் இருக்கலாம், 25 ஆகவும் இருக்கலாம். 30-இல் விழும் சாதனத்தை இந்த எண்ணை வைத்து எடைபோட முடியாது.

இதற்கு வழி உண்டு. 1.5 சதுர மில்லிமீட்டர் ஃபிளெக்சிபிள் வயரில் ஒரு பக்கம் பிளக்கும் மறுபக்கம் சாக்கெட்டுமாக இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் செய்துகொள்ளுங்கள். நடுவில் ஒரு முழம் அளவுக்கு மேலுறை இல்லாமல் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் தனித்தனி வயராகத் தெரிய வேண்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஜோடியாகவே பிடித்து, மீட்டர் வாய்க்குள் ஐந்து சுற்று சுற்றுங்கள். எர்த் வெளியே இருக்கட்டும். இப்போது மீட்டர் கசிவை ஐந்து மடங்காகப் பார்க்கும். திரையில் 60 நின்றால் கசிவு 12. பிழையும் ஐந்தில் ஒன்றாகி, பத்து மில்லி ஆம்பியர் சந்தேகம் இரண்டுக்கு வந்துவிடும். பத்து வயர் 17 மில்லிமீட்டர் வாய்க்குள் நெருக்கிப் பிடித்தால் அடங்கும். 2.5 வயரில் செய்தால் வாய் மூடுவது சிரமம். வாய் முழுக்க மூடாமல் ஒரு மயிரிழை இடைவெளி நின்றாலும் ரீடிங் கண்டபடி குதிக்கும், மூடும் முகங்களில் படிந்த தூசியைத் துடைத்துவிட்டு வையுங்கள். இந்த வயரில் 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் சாமானை அதிக நேரம் ஓட்ட வேண்டாம், சுற்றிய இடம் சூடாகும். கீசரைப் பார்ப்பதானால் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, ரீடிங் நிலைக்கும் வரை மட்டும் போட்டு அணைத்துவிடலாம்.

டிபி பாக்ஸில் (சர்க்யூட்டுகள் பிரியும் பெட்டி) மொத்த வீட்டுக்கும் பார்க்கும்போது ஆர்சிசிபியிலிருந்து வெளியே வரும் ஜோடியைக் கிளாம்புக்குள் விட வேண்டும். 4 சதுர மில்லிமீட்டர் ஜோடி தாராளமாக நுழையும். மூன்று ஃபேஸ் வீட்டில் 6 சதுர மில்லிமீட்டர் வயர் நான்கு இருந்தாலும் நுழைந்துவிடும். 10-இல் திணற வேண்டும், 16 என்றால் முடியாது. ஏசி, கீசர் மாதிரி பெரிய லோடு ஓடும்போது எடுக்கும் ரீடிங்கை நம்பாதீர்கள். பத்து ஆம்பியர் போய்ப் பத்து ஆம்பியர் திரும்பும்போது வயர்கள் வாய்க்குள் ஓரமாக நின்றாலே பொய்யான மில்லி ஆம்பியர்கள் சேர்ந்துகொள்ளும். பெரிய லோடுகளை அணைத்துவிட்டுப் பாருங்கள். எல்லாம் நல்லபடியாக இருக்கிற வீட்டிலும் டிவி, கம்ப்யூட்டர், எல்ஈடி டிரைவர்களின் ஃபில்டர் வழியாகச் சில மில்லி ஆம்பியர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பூஜ்யம் வரவில்லையே என்று சுவரை உடைக்க வேண்டாம்.

தேடும் வரிசையில்தான் பலர் சறுக்குகிறார்கள். எம்சிபிகளை (ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் உள்ள பிரேக்கர்) எல்லாம் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடுவது வழக்கம். ஆனால் நம் வீடுகளில் இருக்கும் சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் பாரில் எல்லாம் இணைந்தே கிடக்கும். ஏதோ ஒரு சர்க்யூட்டில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதன் எம்சிபியை அணைத்தாலும் தவறு அப்படியே இருக்கும். வேறொரு அறையில் ஃபேன் போட்டவுடன் அந்த ஃபேனின் கரண்ட்டில் ஒரு பங்கு எர்த் வழியாகத் திரும்பும், ஆர்சிசிபி விழும். பழி ஃபேன் மேல் போகும். ஆகவே மெயினை அணைத்து, டெஸ்டரிலும் மீட்டரிலும் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு, நியூட்ரல் பாரில் இருக்கும் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்துக்கும் அதற்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். இருபது வருஷ வீடுகளில் எந்த நியூட்ரல் எந்த அறைக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. கழற்றும்போதே டேப்பில் எண் எழுதி ஒட்டுவது உங்கள் வேலை.

இன்னொரு காரணம் இன்வெர்ட்டர். ஃபேஸை ஆர்சிசிபிக்கு முன்னால் எடுத்து இன்வெர்ட்டருக்குக் கொடுத்துவிட்டு, நியூட்ரலை வீட்டின் பொது நியூட்ரலோடு விட்டிருப்பார்கள். இன்வெர்ட்டர் லைட் ஒன்று எரிந்தாலும் போகிற கரண்ட் ஆர்சிசிபி வழியாகப் போகாது, திரும்புகிறது மட்டும் அதன் வழியாக வரும். விழாமல் என்ன செய்யும்? இன்வெர்ட்டருக்கு உரிய சர்க்யூட்டுகளின் நியூட்ரலைத் தனியாகப் பிரித்துவிட்டால் ஒரே நாளில் தீரும். இதற்காக மூன்று ஆர்சிசிபி மாற்றிய வீடுகளும் உண்டு.

மற்றபடி கசியும் இடங்கள் வழக்கமானவை: மாதக்கணக்கில் போடாமல் ஈரம் வாங்கிய கீசர் எலிமென்ட், காம்பவுண்ட் சுவரின் கேட் லைட், வெளியே இருக்கும் காலிங் பெல் சுவிட்ச், மொட்டைமாடித் தொட்டிப் பக்கத்து ஜங்ஷன் பாக்ஸ், போர் மோட்டார் கேபிள் ஜாயின்ட். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய வீடுகளில் தரையோரத்து சாக்கெட் பெட்டிகளில் வண்டல் புகுந்திருக்கும். மேலே பிளேட்டைத் துடைத்துவிட்டு விட்டிருந்தால் உள்ளே அது ஒவ்வொரு மழைக்கும் ஈரம் பிடிக்கும். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அமுக்கிக் காட்டி "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டு வரக் கூடாது. அது உள்ளே இருக்கும் பொறி வேலை செய்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். வீட்டில் எர்த்தே இல்லாவிட்டாலும் பட்டன் வேலை செய்யும்.

இதே வேலையின் இன்னொரு முகம் கரண்ட் பில். அரை ஆம்பியர் எர்த்துக்குக் கசிந்தால் 115 வாட். இரவு பகலாக இரண்டு மாதம் ஓடினால் 165 யூனிட். ஈபி கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப் படிகளுக்கும் கூடுதல் விலை விழும். ஆர்சிசிபி இல்லாத பழைய வீட்டில் இந்தக் கசிவு சத்தமில்லாமல் ஓடும். பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர் பக்கம் ஓய்வு பெற்றவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளில், காரணத்தை எண்ணோடு எழுதிக் கொடுத்தால் கூலியில் பேரம் பேச மாட்டார்கள். ஒரு சீட்டு அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்: வேலைக்கு முன் கசிவு இவ்வளவு, பின் இவ்வளவு, எந்த சர்க்யூட், எந்தத் தேதி. வந்து பார்க்க ஒரு தொகை, கண்டுபிடிக்க ஒரு தொகை, சரி செய்ய ஒரு தொகை என்று போனிலேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாலு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, "ஒரு வயரத்தான கழட்டி மாட்டுனீக" என்று நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

இந்த லைனுக்கு மீட்டரோடு கூடத் தேவைப்படுவது, இன்சுலேஷனை உயர் வோல்ட் கொடுத்துச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் ஒன்று. மீட்டரின் 20 மெகாஓம் ரேஞ்ச் சில வோல்ட்டில்தான் பார்க்கிறது. ஈரம் பிடித்த இன்சுலேஷன் அந்தச் சில வோல்ட்டுக்கு நல்ல பிள்ளையாக நிற்கும், 230 வந்ததும் கசியும். மெகர் போடுவதற்கு முன் அந்த சர்க்யூட்டில் இருக்கும் எல்ஈடி, டிவி, ஃபேன் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அவை போய்விடும், காசு நம் தலையில்.

இன்வெர்ட்டரும் பேட்டரியும்

மீட்டரின் டிசி கிளாம்ப் முழுப் பயனையும் காட்டும் இடம் இது. சார்ஜ் எவ்வளவு ஏறுகிறது, கரண்ட் போனதும் எவ்வளவு இறங்குகிறது, லோடே இல்லாமல் இன்வெர்ட்டர் தானாக எவ்வளவு தின்கிறது என்று மூன்றையும் வயரைக் கழற்றாமல் பார்க்கலாம். 12 வோல்ட் இன்வெர்ட்டரில் 800 வாட் லோடு போட்டால் பேட்டரி வயரில் 75, 80 ஆம்பியர் ஓடும். 100-க்குள் அடங்குகிறது. டிசி பார்க்கும்போது ஒரு பழக்கம் வேண்டும். இதன் சென்சார் பூமியின் காந்தத்தையும் படிக்கும். மீட்டரைத் திருப்பினால் எண் மாறும். அளக்கப்போகிற வயருக்குப் பக்கத்தில், அளக்கப்போகிற அதே கோணத்தில் பிடித்து ஜீரோ பட்டனை அமுக்கிவிட்டுப் பிறகு வயரைக் கவ்வ வேண்டும்.

தொழிலாக இது எப்படி? பழுது பார்ப்பதில் காசு குறைவு. பேட்டரி மாற்றிக் கொடுப்பதில், பழையதை எடுத்துக்கொள்வதில்தான் லாபம். அதற்குக் கடையும் கைமுதலும் வேண்டும். வாரன்டி உள்ள பேட்டரியைக் கம்பெனி ஆள்தான் தொடுவார். தனி ஆளுக்கு மிஞ்சுவது டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவது, டெர்மினலில் பூத்த உப்பைச் சுரண்டுவது, குழாய் வகை பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் வைத்து ஆறு செல்லிலும் ஆசிட்டின் அடர்த்தி 1.240-ஐ ஒட்டி நிற்கிறதா, ஏதாவது ஒன்று மட்டும் இறங்கிக் கிடக்கிறதா என்று பார்ப்பது. வருஷச் சந்தாவாக ஐம்பது வீடு பிடித்தால் ஒழுங்கான பக்க வருமானம். முழுத் தொழிலாகப் போதாது.

பம்ப் மோட்டார்

நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம், பணகுடி பக்கம் போர் மோட்டார்தான் விவசாயம். களக்காடு, ஏர்வாடி வாழைத்தோட்டங்களில் ஒரு மோட்டார் நாலு நாள் நின்றால் தார் சிறுத்துப்போகும். ஆகவே அங்கே கூப்பிட்டவுடன் வருகிறவருக்கு மரியாதையும் கூலியும் உண்டு. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனம். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் தண்ணீர் வந்துவிட்டால் மோட்டாருக்கு அவ்வளவு அவசரம் இல்லை. ஒரே மாவட்டத்துக்குள் பத்துப் பதினைந்து மைலில் தொழிலின் கணக்கே மாறுகிறது.

யூடி210ஈ இங்கே பாதிக்குத்தான் ஆகும். மூன்று ஃபேஸ் மோட்டார் ஹெச்பிக்குச் சுமார் ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். 5 ஹெச்பி என்றால் ஏழரை, சப்மெர்சிபிளில் ஒன்றிரண்டு கூடவே இருக்கும். ஓடும்போது மூன்று ஃபேஸிலும் தனித்தனியாகக் கவ்வி எழுதிக்கொண்டால் வோல்டேஜ் ஏற்றத்தாழ்வா, காயில் கோளாறா என்று பிரிக்கலாம். லைன் வயர்களை ஒரு இடம் தள்ளி மாற்றிப் போட்டுப் பாருங்கள், மூன்றையும் ஒரே வரிசையில் நகர்த்தினால் சுற்றும் திசை மாறாது. அதிக ஆம்பியர் அதே ஈபி ஃபேஸோடு போனால் சப்ளையில் குறை, மோட்டாரின் அதே வயரோடு நின்றால் மோட்டாரிலோ கேபிளிலோ குறை. வோல்டேஜில் சின்ன ஏற்றத்தாழ்வு ஆம்பியரில் பல மடங்காகத் தெரியும், அதைப் பார்த்து உடனே மோட்டாரைத் தூக்கச் சொல்லிவிடாதீர்கள்.

ஸ்டார்ட் ஆகும்போது ஆறேழு மடங்கு இழுக்கும் அந்த ஒரு நொடியை இந்த மீட்டர் பிடிக்காது, அதற்கான வசதி இதில் இல்லை. அதைவிட முக்கியம், தோட்டத்து ஷெட்டுகளில் கம்பத்திலிருந்து நேராக இறங்கும் லைன் இருக்கிறது. அங்கே கேட் 3, 300 வோல்ட் மீட்டரின் புரோபை வைப்பது கூடாது. இன்சுலேஷன் உள்ள வயரைக் கவ்வலாம், அதோடு சரி. வோல்டேஜ் பார்க்க கேட் 4, 600 வோல்ட் எழுதிய மீட்டர் தனியாக வேண்டும். மெகர் கட்டாயம். மோட்டாரைத் தூக்க முக்காலி, செயின் பிளாக், பைப் கிளாம்ப், கூட இரண்டு ஆள். இத்தனையும் சேர்ந்தால் இதைத் தனி ஆள் வேலை என்று சொல்ல முடியாது, ஒரு சின்ன குழுவின் வேலை. காயில் கட்டும் பட்டறை ஒன்றோடு ஒப்பந்தம் வைத்துக்கொண்டு, ஸ்டார்ட்டர், பேனல், கேபிள் ஜாயின்ட் வரைக்கும் மட்டும் நாம் என்று எல்லை போட்டுக்கொண்டால் தனியாகவும் செய்யலாம். தூக்குகிற வேலையை ஏற்றுக்கொண்டு பைப் போருக்குள் நழுவி விழுந்தால் அந்த நஷ்டத்தை எந்தக் கூலியும் ஈடுகட்டாது.

ஏசி

பங்குனி முதல் ஆனி வரை போன் ஓயாது, அதன்பின் அடங்கிவிடும். மீட்டரால் ஆவது இரண்டு: ஓடும் ஆம்பியர், கெப்பாசிட்டர். "வெளிய உள்ள ஃபேன் சுத்தல" என்று வரும் பழைய மாடல் ஏசிகளில் கெப்பாசிட்டரைக் கழற்றி, டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட்டோடு ஒப்பிட்டால் பாதி வேலை முடிந்தது. இன்வெர்ட்டர் ஏசியில் இதுவும் கிடையாது, எல்லாம் போர்டு. கேஸ் வேலைக்கு மேனிஃபோல்டு கேஜ், வேக்குவம் பம்ப், மைக்ரான் கேஜ், ஃபிளேர் டூல், எடைபோடும் தராசு, சிலிண்டர் எல்லாம் வேண்டும். இப்போது வருகிற ஆர்32 கேஸ் தீப்பிடிக்கும் தன்மை கொண்டது. பழைய கேஸுக்குப் பழகிய கை அதே பழக்கத்தில் பைப்பை வெல்டு வைத்தால் விபரீதம். எலக்ட்ரீசியனாகப் பழகிவிட்டு நடுவில் இந்த லைனுக்குத் தாவுவதைவிட, ஏசி ஆளோடு இரண்டு கோடைக்கு உடன் போய்ப் பழகிவிட்டு இறங்குவதே சரி. மீட்டர் வாங்கிவிட்டோம் என்பதற்காக இதில் இறங்க வேண்டாம்.

சோலார்

கேட்கிறவர்கள் அதிகம், ஆகவே இதைத் தெளிவாகவே சொல்லிவிடலாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்யகர் திட்டத்தில் வீட்டுக்கு முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000 ரூபாய் வரை மானியம். அந்த மானியம் வீட்டுக்காரருக்குக் கிடைக்க வேண்டுமானால் பதிவு பெற்ற விற்பனையாளர் மூலம்தான் போட வேண்டும். தனி எலக்ட்ரீசியன் அவருக்குக் கீழே கூலிக்குப் போகலாம், அவ்வளவுதான். அங்கே கூலியை அவர்தான் சொல்வார், தனியாக இறங்கியதற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

மிஞ்சுவது போட்ட பிறகு வரும் பழுது. உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி கடற்கரையில் உப்புக்காற்று கனெக்டர்களையும் கிளாம்ப் போல்ட்டுகளையும் தின்கிறது, அங்கே வேலை இருக்கும். ஆனால் மீட்டரைப் பாருங்கள். 540 வாட் பேனல் ஒன்றுக்கு லோடில்லாமல் ஏறக்குறைய 49 வோல்ட். மூன்று கிலோவாட்டுக்கு ஆறு பேனலைத் தொடராகப் போட்டால் 294. காலையில் வெயில் ஏறும் முன், பேனல் குளிர்ந்திருக்கும்போது இன்னும் கூடும். 300 வோல்ட் எல்லையை முட்டிக்கொண்டு நிற்கிறது. பத்துப் பேனல் என்றால் 490. யூடி210ஈயின் புரோபை இங்கே வைக்கவே கூடாது. ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் (தொடராக இணைத்த பேனல் வரிசை) எத்தனை ஆம்பியர் என்று டிசி கிளாம்பால் கவ்விப் பார்த்து ஒப்பிடலாம். அதற்கு மட்டும் இது நல்ல மீட்டர். 1000 வோல்ட் டிசி மீட்டர், எம்சி4 (பேனல் வயர்களை இணைக்கும் கனெக்டர்) கிரிம்பிங் கருவி, உயரத்தில் கட்டிக்கொள்ளும் பெல்ட், இவை இல்லாமல் மாடி ஏறாதீர்கள். லோடு ஓடும்போது எம்சி4-ஐப் பிடுங்கினால் டிசி ஆர்க் (இடைவெளியைத் தாண்டும் தீப்பொறி) அணையாமல் நிற்கும், ஏசியில் பழகிய கைக்கு அது தெரியாது. முதலில் இன்வெர்ட்டரில் ஏசியை அணைத்து, டிசி ஐசொலேட்டரை அணைத்து, கிளாம்பில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

எந்த லைனானாலும் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் தகுதிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். கசிவு வேலையில் பழைய வயரிங்கை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கும்போது அந்தச் சான்றிதழ் எண் சீட்டில் இருந்தால் மதிப்பே வேறு.

ஆக, மீட்டர் வாங்கலாமா? வீட்டுக் கசிவு வேலையில் இறங்குகிறவர், மெகரோடு சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இன்வெர்ட்டர் சந்தா வைத்திருப்பவருக்கும் இதுவே போதும். மோட்டார்காரர் இரண்டாவது மீட்டராக வைத்துக்கொள்ளட்டும். சோலாருக்கு என்று மட்டும் வாங்குகிறவர் அந்தக் காசைச் சேர்த்து வைத்து உயர் வோல்டேஜ் மீட்டராகவே வாங்குவது நல்லது. கசிவு வேலைக்கென்றே 0.01 மில்லி ஆம்பியர் வரை படிக்கும் தனிக் கிளாம்ப் வருகிறது, விலை பல மடங்கு. ஐந்து சுற்று வயர் கையில் இருக்கும்வரை அதற்கு அவசரம் இல்லை.

வருஷத்தை எப்படி ஓட்டுவது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். கசிவு வேலை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை குவியும், கோடையில் மெலியும். ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால் புதுவீட்டு வயரிங்கெல்லாம் ஆவணிக்கும் தைக்கும் முன்னால் அவசரமாக முடியும். அந்த அவசரத்தில் கலந்துவிட்ட நியூட்ரல்கள் அடுத்த மழையில் உங்களுக்கு வேலையாக வரும். சித்திரை, வைகாசியில் இன்வெர்ட்டர் சந்தா வீடுகளை ஒரு சுற்று முடித்துவிடலாம். போகும்போதே டிபி பாக்ஸில் கசிவு ரீடிங் ஒன்றை எடுத்து, தேதியோடு மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வாருங்கள். ஐப்பசியில் அந்த வீட்டில் டிரிப்பர் விழுந்தால், ஒப்பிட்டுப் பார்க்கக் கோடை ரீடிங் அங்கேயே இருக்கும்.